விக்டோரியாவின் கவுன்சில் நர்ஸ் சேவை: பத்துச் சந்திப்புகளில் நாம் கைவிடும் கடைசி மூன்று

மெல்போர்னிலும் சுற்றுப்புறங்களிலும் பிள்ளை பெறும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கிடைக்கிற அரசுச் சேவைகளில், காசு கொடுத்தாலும் வெளியில் வாங்க முடியாதது ஒன்று உண்டென்றால் அது உள்ளூர் கவுன்சில் நடத்தும் தாய் சேய் நலச் சேவைதான். நம்மவர்கள் 'கவுன்சில் நர்ஸ்' என்கிறார்கள். குழந்தை பிறந்ததிலிருந்து பள்ளி சேரும் வரை பத்துச் சந்திப்புகள், எல்லாமே இலவசம். மெடிகேர் கணக்கில் வருவதல்ல. விக்டோரியாவில் வாழும் எந்தக் குடும்பத்துக்கும் உண்டு.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். சேவையின் தரம் மிக நன்று. நம் வீடுகள் அதைப் பயன்படுத்தும் விதம்தான் அரைகுறை. எடை பார்க்கும் இடமாக மட்டும் நினைத்து முதல் சில மாதங்கள் தவறாமல் போகிறோம். குழந்தை நடக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுகிறோம். ஆனால் பேச்சு, பார்வை, ஆட்டிசம், பள்ளிக்கான ஆயத்தம் ஆகியவற்றைப் பார்க்கும் 18 மாதம், 2 வயது, மூன்றரை வயதுச் சந்திப்புகள்தான் இந்தச் சேவையின் சாரம்.

யார் காசில் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே நன்றாக ஓடுகிறது, எங்கே சறுக்குகிறது என்பது தானே விளங்கும். அடிப்படைச் சேவைக்கு மாநிலச் சுகாதாரத் துறை பாதி, கவுன்சில் பாதி என்பது ஒப்பந்தம். மாநிலத்தின் பங்கு மானியமாக வருகிறது. பதிவான குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டு, வருமானம் குறைந்த பகுதிகளுக்கும் தொலைதூரப் பகுதிகளுக்கும் கொஞ்சம் கூட்டித் தருகிறார்கள். கவுன்சில் தன் பாதியை நாம் கட்டும் ரேட்ஸ் எனும் சொத்து வரியிலிருந்து எடுக்கிறது. 2016-17 முதல் ரேட்ஸ் உயர்வுக்கு மாநில அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. நர்ஸின் ஒரு மணி நேரத்துக்கு மாநிலம் போடும் விலை உண்மைச் செலவை எட்டவில்லை, மிச்சத்தை நாங்கள் சுமக்கிறோம் என்பது கவுன்சில்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. 79 கவுன்சில்களில் ஒன்றில் அடுத்த வாரமே நேரம் கிடைப்பதும், இன்னொன்றில் ஆறு வாரம் காத்திருப்பதும் இதனால்தான். விண்டம், கேசி, மெல்ட்டன், ஹியூம், விட்டில்சீ போன்ற வளரும் புறநகர்களில் பிறப்பு அதிகம். நம் இளம் குடும்பங்கள் வீடு வாங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

நேரம் கிடைக்காததற்கு இன்னொரு காரணம் நர்ஸ் பற்றாக்குறை, அதற்குக் காரணம் அவர்களுக்கு வேண்டிய தகுதி. பதிவுபெற்ற செவிலியராகவும் மிட்வைஃபாகவும் இருக்க வேண்டும், அதற்கு மேல் குழந்தை, குடும்ப நலத்தில் தனி மேற்படிப்பும் முடித்திருக்க வேண்டும். மூன்றும் உள்ளவர்களை ஒரே ஆண்டில் உருவாக்கிவிட முடியாது. 'சும்மா எடை போடுகிற நர்ஸ்தானே' என்று நம் வீடுகளில் சொல்வது அறியாமை.

குழந்தை பிறந்த 48 மணி நேரத்துக்குள் அந்தச் செய்தி தாய் வசிக்கும் பகுதியின் கவுன்சிலுக்குப் போக வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுச் சட்டம். ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும். அதன் பிறகு கவுன்சிலிலிருந்து போன் வரும். முதல் தவறு நிகழ்வது இந்த இடத்தில்தான். ஆஸ்பத்திரியில் பதிந்த முகவரி பழைய வாடகை வீடாக இருந்தால் செய்தி பழைய கவுன்சிலுக்குப் போய்விடும். பிரசவத்துக்குப் பிறகு அக்கா வீட்டில் தங்குவதாக இருந்தாலும் இதே கதைதான். வீடு திரும்பி ஒரு வாரமாகியும் அழைப்பு வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், நீங்களே கவுன்சிலை அழையுங்கள். தெரியாத எண் என்று போனை எடுக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. கவுன்சிலின் அழைப்பு பல நேரம் எண் மறைத்தே வரும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஒன்றரை வயதுக் குழந்தையோடு சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்து இறங்கும் குடும்பத்துக்கு இங்கே பிறப்புச் செய்தி என்று எதுவும் கிடையாது. ஆகவே எந்தக் கவுன்சிலுக்கும் அந்தக் குழந்தை இருப்பதே தெரியாது. யாரும் அழைக்க மாட்டார்கள். நீங்கள் போன் செய்து பெயரைப் பதிந்தால், அந்த வயதுக்குரிய சந்திப்பிலிருந்து தொடங்குவார்கள். மாநிலத்துக்குள் வீடு மாறும்போதும் புதிய கவுன்சிலுக்கு ஒரு போன் போதும், பழைய பதிவுகளை அவர்கள் வரவழைத்துக்கொள்வார்கள்.

முதல் சந்திப்பு உங்கள் வீட்டிலேயே நடக்கும், பெரும்பாலும் பிறந்த இரண்டு வாரத்துக்குள். அதன்பின் 2 வாரம், 4 வாரம், 8 வாரம், 4 மாதம், 8 மாதம், 12 மாதம், 18 மாதம், 2 வயது, மூன்றரை வயது என்று மையத்துக்குப் போக வேண்டும். வயதைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். ஆஸ்பத்திரியில் தரும் பச்சைப் புத்தகம் எப்போதும் கையில் இருக்கட்டும். எடை, நீளம், தலைச் சுற்றளவு, தடுப்பூசி எல்லாம் அதில்தான் ஏறும். மாற்று டயப்பர் ஒன்று, போர்வை ஒன்று எடுத்துச் செல்லுங்கள். குழந்தையின் துணியை முழுவதும் அவிழ்த்துத்தான் பார்ப்பார்கள்.

அப்படி அவிழ்த்துப் பார்ப்பதில் நம் குழந்தைகளுக்கென்றே முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. பிட்டத்திலும் இடுப்புக்கு மேலும் நீலச் சாம்பல் நிறத்தில் படர்ந்த மச்சம் நம் பிள்ளைகளில் சர்வ சாதாரணம். வெள்ளைக்காரக் குழந்தைகளில் அரிது. கன்றிப்போன காயம் போலவே தெரியும். முதல் சந்திப்பிலேயே நர்ஸ் அதன் இடத்தையும் அளவையும் பதிந்துவிட்டால், பின்னாளில் சைல்ட்கேரிலோ அவசரப் பிரிவிலோ யாரும் அடித்த தழும்பு என்று சந்தேகப்பட வாய்ப்பிருக்காது. அவர் பதியவில்லை என்றால் நீங்களே காட்டி எழுதச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் அதிகக் கவலை எடையைப் பற்றியது. பிறந்த சில நாட்களில் எடையில் 10 சதவீதம் வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பினால் சரி. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம், அடுத்த மூன்று மாதம் 100 முதல் 150 கிராம், அதன்பின் இன்னும் குறைவாக ஏறும். வேகம் குறைவது இயல்பு. ஃபார்மசியில் டயப்பரோடு ஒரு நாள், மையத்தில் டயப்பர் இல்லாமல் மறுநாள் என்று எடை பார்த்துவிட்டுப் பிள்ளை இளைத்துவிட்டதாகப் பதறுவது வீண், நனைந்த டயப்பர் ஒன்றே 100 கிராமைத் தாண்டும். ஒரே தராசு, வெற்றுடம்பு, ஏறத்தாழ ஒரே இடைவெளி என்று பார்த்தால்தான் கோடு பொருள் தரும்.

வளர்ச்சிக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வயது வரை இங்கே பயன்படுத்துவது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரைபடம். 'அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு, நம் பிள்ளை சின்ன உடம்பு' என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அந்த வரைபடத்துக்காக அளந்த ஆறு நாட்டுக் குழந்தைகளில் இந்தியக் குழந்தைகளும் அடக்கம். 10ஆவது பெர்சென்டைலில், அதாவது நூறு குழந்தைகளை வரிசைப்படுத்தினால் கீழிருந்து பத்தாவது இடத்தில், இருக்கும் குழந்தை அதே கோட்டில் தொடர்ந்து ஏறினால் கவலை இல்லை. 60இல் இருந்த குழந்தை இரண்டு கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கினால்தான் காரணம் தேட வேண்டும்.

ஆரம்ப வாரங்களில் தாயிடமும் கேள்விகள் கேட்பார்கள். மனச்சோர்வுக்கான எடின்பரோ வினாத்தாளில் பத்துக் கேள்விகள், மொத்த மதிப்பெண் 30. 13ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று டாக்டரிடம் அனுப்புவார்கள். பத்தாவது கேள்வி தன்னையே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அதற்கு 'ஆம்' என்ற பதில் வந்தால் உடனே கவனிப்பார்கள். 4 வாரச் சந்திப்பில் குடும்ப வன்முறை பற்றியும் எல்லாத் தாய்மாரிடமும் கேட்பது வழக்கம். உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. கணவரோ மாமியாரோ அறையில் இருந்தால் அந்தக் கேள்வியை நர்ஸ் கேட்க மாட்டார். ஒரு சந்திப்பிலாவது தாய் தனியாகப் பேச வழிவிடுங்கள்.

கணவரே மொழிபெயர்ப்பாளராக உட்காருவதில்தான் இந்தப் பகுதி கெட்டுப்போகிறது. நேரம் வாங்கும்போதே 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று சொன்னால் போதும், ஏற்பாடு செய்வார்கள், கட்டணம் இல்லை. கவுன்சிலை அழைக்கவே ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் அழைத்துத் தமிழ் என்று சொல்லுங்கள், அவர்கள் கவுன்சிலோடு இணைத்துவிடுவார்கள். ஆங்கிலம் நன்றாகப் பேசும் தாய்மாருக்கும் மனச்சோர்வு வினாத்தாளைத் தமிழில் பார்ப்பது உதவும். அதன் தமிழ் வடிவம் உண்டு, கேட்டுப் பாருங்கள். கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் பெற்றோரின் மனநலத்துக்கென்றே இயங்கும் பாண்டா அமைப்பின் எண் 1300 726 306.

இனி, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமாருக்கும் நர்ஸுக்கும் நடுவே இளம் தாய்கள் மாட்டிக்கொள்ளும் இடம். இதில் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. எது உண்மையாகவே ஆபத்து, எது வெறும் வழக்க வேறுபாடு என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நாக்கில் சேனை வைக்கிறோம் என்று தேன் தொட்டு வைப்பது உண்மையாகவே ஆபத்து. ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து, உடம்பின் தசைகளையே தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைப்பதும், தூளியில் இரவு முழுக்கத் தூங்க வைப்பதும் இங்குள்ள பாதுகாப்பான தூக்க அறிவுரைக்கு நேர் எதிரானவை. மல்லாந்து படுக்க வேண்டும். மெத்தை சமமாக, உறுதியாக இருக்க வேண்டும். முகம் மூடாமல், தலையணை இல்லாமல், தனிக் கட்டிலில், முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே தூங்க வேண்டும். தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, தாடை மார்பில் படும்போது மூச்சுக்குழல் மடங்கிவிடலாம் என்பதுதான் காரணம். தலை தட்டையாவதைத் தடுக்க, விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட்டு விளையாட விடுவதும், தூங்கும்போது தலையை ஒரு நாள் இடம், ஒரு நாள் வலம் என்று திருப்பி வைப்பதும் போதும். கால்களைச் சேர்த்து இறுகச் சுற்றுவதும் கூடாது. இடுப்பு மூட்டு சரியாக அமரக் கால்கள் தவளைபோல் விரிந்து மடங்க இடம் வேண்டும். பல சந்திப்புகளில் நர்ஸ் தொடையை விரித்துப் பார்ப்பது இந்த மூட்டுக்காகத்தான். கடை மையில் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

உரைமருந்தும் வசம்பும் கொடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நர்ஸ் திட்டுவாரோ என்று ஒளிப்பதுதான் கெடுதல். காய்ச்சலுக்கோ வாந்திக்கோ டாக்டர் காரணம் தேடும்போது அந்தத் தகவல் தேவைப்படும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, மொட்டை, காது குத்து, தாய்க்குப் பத்தியச் சாப்பாடு ஆகியவை வழக்க வேறுபாடுகள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் தவிருங்கள்.

நம் குழந்தைகளுக்கு நர்ஸ் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று வைட்டமின் டி. கறுத்த தோலுள்ள தாய், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, மெல்போர்னின் குளிர்காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். அத்தகைய குழந்தைகளுக்கு ஒரு வயது வரை நாள்தோறும் 400 அலகு சொட்டு மருந்து தரச் சொல்வது இங்குள்ள வழிகாட்டல். நெரிசலான நாளில் நர்ஸ் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

தடுப்பூசியில் ஒரு பொதுவான குழப்பம் உண்டு. நர்ஸ் சந்திப்புக்குப் போனால் ஊசியும் போட்டுவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கவுன்சில்களில் அது தனி முகாம், தனி நேரம். அல்லது குடும்ப டாக்டரான ஜிபியிடம் போக வேண்டும். 6 வாரம், 4 மாதம், 6 மாதம், 12 மாதம், 18 மாதம், 4 வயது என்பது அட்டவணை. இதில் தள்ளிப்போட முடியாதது கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து. முதல் தவணையை 15 வாரம் நிறைவதற்கு முன்பும், இரண்டாவதை 25 வாரம் நிறைவதற்கு முன்பும் கொடுத்தாக வேண்டும். காலம் கடந்தால் பிறகு தரமாட்டார்கள். ஊருக்குப் போய்த் திரும்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று விடும் குடும்பங்கள் இதைத்தான் இழக்கின்றன.

ஊர்ப் பயணம் இருந்தால் நர்ஸிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். தட்டம்மை பரவும் நாட்டுக்குப் போகும் குழந்தைக்கு ஆறு மாதத்திலிருந்தே ஒரு தவணை முன்கூட்டிப் போடலாம். ஆனால் அது கணக்கில் சேராது, 12 மாதத்திலும் 18 மாதத்திலும் வழக்கமானவற்றைப் போட்டே ஆக வேண்டும். காசநோய்க்கான பிசிஜி ஊசியை இங்கே எல்லோருக்கும் போடுவதில்லை, குறிப்பிட்ட சில கிளினிக்குகளில்தான் கிடைக்கும். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பாகவே போட்டுவிடுவது நல்லது என்பதால், டிக்கெட் எடுத்த கையோடு கேளுங்கள். வெளிநாட்டில் போட்ட ஊசிகளின் அட்டையைக் கவுன்சில் தடுப்பூசிப் பிரிவிடமோ ஜிபியிடமோ கொடுத்துத் தேசியத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். இந்தியாவில் 9 மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசி இங்கே 12 மாதத் தவணையாக ஏற்கப்படாது என்பதையும் அப்போதுதான் பலர் அறிகிறார்கள். 2016 ஜனவரியிலிருந்து, தடுப்பூசிச் சான்று இல்லாமல் சைல்ட்கேரிலும் கிண்டரிலும் சேர்க்கை உறுதியாகாது. ஜனவரி வகுப்புக்கு டிசம்பரில் ஓடி அலைவதற்குப் பதில் இதை வந்த மாதமே முடித்துவிடலாம்.

8 மாத, 12 மாதச் சந்திப்புகளில் பேச்சு உணவைப் பற்றித்தான். திட உணவு ஆறு மாதத்தையொட்டி, நான்கு மாதத்துக்கு முன் கூடாது. முதல் உணவுகளில் இரும்புச்சத்து இருக்க வேண்டும். ராகிக் கூழிலும் பருப்புச் சாதத்திலும் இரும்பு இருந்தாலும் உடம்பு எடுத்துக்கொள்வது குறைவு. கூடவே தக்காளி, ஆரஞ்சு, மாம்பழம் என்று வைட்டமின் சி சேர்த்தால் கூடும். சைவக் குடும்பங்கள் இரும்பு சேர்த்த குழந்தை சீரியலையும் யோசிக்கலாம். முட்டையையும் நைசாக அரைத்த நிலக்கடலையையும் ஒரு வயதுக்குள் கொடுக்கத் தொடங்கினால் அலர்ஜி வரும் வாய்ப்பு குறைகிறது. பசும்பாலை முக்கியப் பானமாகத் தருவது ஒரு வயதுக்கு மேல்தான், அதுவும் நாளுக்கு அரை லிட்டருக்கு மிகாமல். பிள்ளை சாப்பிடவில்லையே என்று மூன்று நான்கு பாட்டில் பால் ஏற்றுவதால் பசி அடங்கி, உணவு குறைந்து, ரத்தசோகை வருவது நம் வீடுகளில் அடிக்கடி காணும் சுழல்.

இப்போது நாம் கைவிடும் அந்த மூன்று சந்திப்புகள்.

லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் உருவான ஆட்டிசக் கண்காணிப்பு முறையில் விக்டோரியா நர்ஸ்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். 12, 18, 24 மாதங்களில் அதை வைத்துப் பார்ப்பார்கள். பெயரைச் சொன்னால் திரும்புகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, வேண்டியதை விரலால் சுட்டுகிறதா, டாட்டா காட்டுகிறதா, செய்வதைப் பார்த்துச் செய்கிறதா என்பவைதான் அடையாளங்கள். முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டதும் ஓர் அடையாளம். 12 மாதத்தில் டாட்டா காட்டிய குழந்தை 18 மாதத்தில் காட்டவில்லை என்பதை, இரண்டு சந்திப்புக்கும் போனால்தானே பிடிக்க முடியும்? 'எங்கள் வீட்டில் எல்லோரும் தாமதமாகத்தான் பேசினோம்', 'ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்' என்று தள்ளிவிடும் ஓராண்டு, பேச்சுப் பயிற்சியாளரின் வரிசையில் இழக்கும் ஓராண்டு. அந்த வரிசை நீளமானது. நர்ஸின் பரிந்துரைக் கடிதம் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

இரண்டு மொழி பேசுவதால்தான் தாமதம் என்று யாராவது சொன்னால், நர்ஸே சொன்னாலும், ஏற்க வேண்டாம். இரு மொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. எத்தனை சொல் தெரியும் என்று கேட்டால் தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள். 'தண்ணி', 'பால்', 'போ', 'கார்', 'பூனை' எல்லாம் சொற்கள்தான். இரண்டு வயதையொட்டி 50 சொற்களாவது இருக்க வேண்டும், 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டைச் சேர்க்க வேண்டும். போகும் முன் ஒரு வாரம், வீட்டில் குழந்தை சொல்வதைப் போனில் குறித்து வைத்துக்கொண்டு போனால் நர்ஸுக்கு அதைவிட நல்ல தகவல் வேறில்லை. புது இடத்தில் குழந்தை வாயைத் திறக்காது. வீட்டில் எடுத்த ஒரு நிமிட வீடியோவும் உதவும்.

மூன்றரை வயதில் ஒவ்வொரு கண்ணாகப் பார்வையைச் சோதிப்பார்கள். ஒரு கண் மங்கலாக இருந்தால் குழந்தை சொல்லாது, மற்றக் கண்ணால் சமாளித்துவிடும். பார்க்கும் வேலையை மூளை ஒரு கண்ணுக்கே கொடுத்துப் பழகிவிட்டால் பிறகு திருத்துவது கடினம். பள்ளிக்கு முன் பிடித்தால் கண்ணாடியும் கண் மறைப்புமாகப் பெரும்பாலும் சரியாகும். பல், எடை, உயரம், கத்தரிக்கோல் பிடிக்கும் விதம், மற்றப் பிள்ளைகளோடு பழகும் விதம் எல்லாம் இந்தச் சந்திப்பில் பார்ப்பவை. இதற்குக் கவுன்சில் நினைவூட்டல் அனுப்பும் என்று நம்பியிருக்க வேண்டாம். எண் மாறியிருக்கும், செய்தி விளம்பரத்தோடு காணாமல் போயிருக்கும். இரண்டு வயதுச் சந்திப்பு முடிந்ததுமே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். விட்டுப்போன சந்திப்புக்குப் பிறகு போனாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், பள்ளி சேரும் வரை போகலாம்.

சந்திப்புகளுக்கு வெளியே தெரிந்துகொள்ள வேண்டியவை சில. 13 22 29 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தாய் சேய் நல நர்ஸ் ஒருவர் பேசுவார். இரவு இரண்டு மணிக்குப் பால் கட்டினாலும் குழந்தை ஓயாமல் அழுதாலும் அழைக்கலாம். இதன் செலவு முழுவதும் மாநிலத்துடையது, எந்தக் கவுன்சிலில் இருந்தாலும் ஒரே தரம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியைத் தாண்டிய காய்ச்சல் என்றால் இதையெல்லாம் அழைத்துக்கொண்டிராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூக்கச் சிக்கலுக்குக் கவுன்சில்களில் தனி அமர்வுகள் உண்டு. அதிலும் தீரவில்லை என்றால் ட்வெடில், கியூஇசி போன்ற பெற்றோர் ஆதரவு மையங்களில் குழந்தையோடு சில நாள் தங்கிப் பழகலாம், நர்ஸிடம் பரிந்துரை கேளுங்கள். கூடுதல் உதவி தேவைப்படும் குடும்பங்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் விரிவான சேவையும் உண்டு. முதல் குழந்தை பெற்றவர்களுக்கான குழுவுக்குப் போகத் தயங்கும் நம் தாய்மார் பலர். தனி வீட்டில் பகல் முழுக்க ஆள் முகம் பார்க்காமல் இருப்பவர்களுக்கு அந்த சில வாரங்கள் மருந்துக்குச் சமம்.

நேரம் கிடைக்கவில்லை என்றால், வேறு யாராவது ரத்து செய்யும்போது அழைக்கும் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். அதே கவுன்சிலின் வேறு மையத்துக்குப் போக முடியுமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் முடியும். நர்ஸோடு ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்பது உங்கள் உரிமை, ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

ஒவ்வொரு கவுன்சிலும் தன் ஆண்டறிக்கையில் இந்தச் சேவையின் எண்களை வெளியிட வேண்டும். பிறந்த குழந்தைகளில் எத்தனை சதவீதம் பதிவானது, நர்ஸின் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு செலவு, பதிவானவர்களில் எத்தனை பேர் வந்தார்கள், 4 வாரச் சந்திப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பவை அவை. 4 வாரச் சந்திப்புக்குத் தனி எண் இருக்கிறது, மூன்றரை வயதுக்கு இல்லை. அளக்காததற்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பது கடினம். வரைவு பட்ஜெட்டைக் கவுன்சில்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கருத்துக்கு வைக்கும், ஜூன் 30க்குள் நிறைவேற்றியாக வேண்டும். அப்போது கவுன்சில் இணையதளத்தில் இரண்டு கேள்விகளை எழுதி அனுப்புங்கள்: எங்கள் பகுதியில் மூன்றரை வயதுச் சந்திப்புக்கு வரும் குழந்தைகள் எத்தனை சதவீதம், நிரப்பாத நர்ஸ் பணியிடங்கள் எத்தனை. இதற்குக் குடியுரிமை தேவையில்லை, வாடகைக்கு இருப்பவரும் அனுப்பலாம், தமிழில் எழுதினாலும் மொழிபெயர்த்துப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.